வயிற்றை எக்காமல்

நாளை மறுநாள் இரத்தப் பரிசோதனை என்றால் வாத்தியாருக்கு இன்றே கை பரபரக்கும். மனைவியின் தட்டிலிருந்த கீரையைக் கரண்டியால் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "போன தடவ நம்பர் எறங்கிடுச்சில்ல? ரெண்டு நாளைக்குக் கீரை வாசமே வேண்டாம்" என்றார். அதற்கு முந்தின தடவை நம்பர் ஏறியிருந்தபோது இதே மனிதர்தான் மூன்று வேளையும் கீரையாக அவித்துக் கொட்டினார். கணக்கு வாத்தியார் அல்லவா, மனைவியின் இரத்தத்தையும் பரீட்சைக்குப் போகும் பிள்ளையாகவே பார்த்தார். கடைசி இரண்டு நாள் உருட்டி மிரட்டிப் படிக்க வைத்தால் தேறிவிடும் என்று நம்பினார். அவளும் பாவம், நம்பினாள்.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள். நம்பர் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் நிற்காமல் கசியும். கீரை அதிகமானால் மாத்திரையின் வேலை குறைந்து நம்பர் இறங்கும். அவள் நம்பரோ ஒரு தடவை தரையில், மறு தடவை கூரையில். ஒவ்வொரு தடவையும் டாக்டர் மாத்திரையை மாற்றுவார், மறுபடி வரச் சொல்வார். முழங்கை மடிப்பில் ஊதாக் கறை ஆறவே இல்லை.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தையல் கடையில் நடந்ததுதான். நாத்தனாரின் கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. விலை உயர்ந்த துணி வந்தால் அவளைத் தவிர யாரும் கத்திரியை வைக்க மாட்டார்கள். கடையில் அவளுக்குப் பெயரே கத்திரி அக்கா. ஆபரேஷனுக்குப் பிறகு நாத்தனார் பெரிய கத்திரியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அவளை மூலை முக்காலியில் பொத்தான் தைக்க உட்கார வைத்தாள். நம்பர் மூன்று தடவை சேர்ந்தாற்போல் ஒழுங்காக வந்தால் பார்க்கலாம் என்றாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். ஆனால் வேறொரு ஆளை வெட்டுவதற்கு வரச் சொல்லியிருப்பதாகக் கடைக்குள் பேச்சு அடிபட்டது. பொத்தான் தைப்பவளை இன்னும் கத்திரி அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று பிற்பகல் வங்கி அதிகாரி ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். நாத்தனார் இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். நாத்தனார் சொல்லத் தயங்குவதைப் பார்த்து அவள் முக்காலியிலிருந்தே வாயைத் திறந்தாள்.

"சார், மூச்ச விடுங்க. அளவு குடுக்கறது ஒரு நிமிஷம். கோட்ட நாள் பூரா போடணும்."

அவர் அசடு வழிந்து மூச்சை விட்டார். டேப் நான்கு விரல்கடை நெகிழ்ந்தது. அவள் ஊசி பாதியில் நின்றது. தான் சொன்னது தனக்கே காதில் விழுந்தது. இத்தனை மாதமாக இதைத்தானே அவள் செய்துகொண்டிருந்தாள்? வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தால் எந்தத் தையற்காரன் தைத்தது பொருந்தும்?

பரிசோதனை நாளில் கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனாள். கீரைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கீரையை விடவும் வேண்டாம், கொட்டிக்கொள்ளவும் வேண்டாம், தினமும் ஒரே அளவு சாப்பிடுங்கள், அதற்குத் தக்கபடி மாத்திரையை நான் வைக்கிறேன் என்றார்.

வீட்டில் அன்று ராத்திரி வாத்தியாரின் கரண்டி வழக்கம்போல் அவள் தட்டுக்கு நீண்டது. அவள் தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"என்னங்க, நீங்க சொல்லிக் குடுத்தது போதும். இனிமே நானே எழுதிக்கறேன்."

வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் அவராகவே ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, விளிம்பு வரைக்கும் கீரையை நிரப்பி, மேலே கத்தியால் சமன் செய்து கொண்டு வந்து வைத்தார். கணக்குப் புலி கணக்குப் புலிதான்.

முதல் நம்பர் உள்ளே வந்தது. இரண்டாவது நூலிழையில் தப்பியது. மூன்றாவது, நட்ட நடுவில். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாத்தியார் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் நீட்டிக் காட்டினார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நேரே கடைக்குப் போனாள். காகிதத்தோடு கையை நீட்டினாள். நாத்தனார் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

மேசையில் நீலக் கம்பளித் துணி விரிந்தது. காகித அச்சை வைத்துக் குண்டூசி குத்தும்போதே ஒரு ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஒரு பொட்டு இரத்தம் திரண்டு நின்றது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

அவள் துணியில் படாமல் கையை விலக்கி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டாள். "என்ன வேடிக்க? வேலையப் பாருங்க" என்றாள். யாரும் வேலையைப் பார்க்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஆவதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது. ஆகட்டுமே என்று நின்றாள். வயிற்றுக்குள் ஒரு மூலையில் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பஞ்சை எடுத்தபோது விரல் காய்ந்திருந்தது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டாள்.

கத்திரியின் கனம் கைக்கு உடனே தெரிந்தது. சுண்ணக்கோட்டின் ஓரத்தில் அதன் வாயை வைத்து, நிறுத்தாமல், மேசையின் அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடவிட்டாள். துணி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வழுகி விழப் போனது. நாத்தனார் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி அதை ஏந்திக்கொண்டாள்.