மேடம் டூரியனின் அம்மா

என் தம்பி லாம் மேடம் டூரியனாக மாற மூன்று மணி நேரம் ஆகும். புருவத்தின் மேல் பசைக்குச்சியைத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மயிர் இருந்த தடமே தெரியாமல் ஆக்கிவிட்டு, அதற்கு மேலே புதுப் புருவம் எழுதுவான். இடுப்புக்குப் பஞ்சுத் திண்டு. அதன்மேல் நாலு ஜோடி நீளக் காலுறை. இவ்வளவும் செய்துவிட்டு அவன் மேலே மாட்டிக்கொள்வது எங்கள் அம்மா வீட்டில் போடும் பூப்போட்ட சட்டையையும் அதே துணியில் தைத்த பேன்ட்டையும்தான். கொடியில் காய்கிறதை உருவிக்கொண்டு போய்விடுவான். காணாமல் போன துணிக்கெல்லாம் அம்மா பக்கத்து வீட்டு நாயைத்தான் சந்தேகப்பட்டாள்.

முதல் நாலு வருஷம் அவனும் எல்லோரையும்போல ஜிகினா கவுன் போட்டு, பாட்டுக்கு வாயசைத்து, லாங் பீச்சில் ஞாயிறு மதிய விருந்து ஷோக்களில் ஆடிக்கொண்டிருந்தான். பெண்வேடம் கட்டி ஆடுகிறவர்கள் அந்த ஊரில் நாற்பது பேர் இருக்கிறார்கள். இவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு பாட்டு பாதியில் நின்றுவிட்டது. கை காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவன், முன் மேஜையில் தட்டில் பாதியை மிச்சம் வைத்திருந்த ஒரு பையனை அம்மாவின் குரலில் திட்ட ஆரம்பித்தான். அப்புறம் அந்த ஹாலில் ஒருத்தரும் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதிலிருந்து, வெளியே முள்ளும் உள்ளே இனிப்புமான டூரியன் பழத்தின் பெயரை வைத்துக்கொண்டு, போனில் வாரம் இரண்டு வீடியோ. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். வியட்நாமிலிருந்து அமெரிக்கா வந்த எங்கள் ஆட்களின் கடைத்தெருவான போல்சா சாலையில் கரும்புச் சாறு வாங்கப் போனால் பெண்பிள்ளைகள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சரக்கு முழுக்க அம்மாவுடையது. அதைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவன் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டை அறையாக்கிக்கொண்டு தனியாகக் கிடந்தான். அம்மாவோடு ஒரே கூரையில் இருந்து நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தானே. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, அன்றைய திட்டை ஒரு சொல் விடாமல் அவனுக்கு அனுப்புவேன். 'ஊரார் காலைக் கழுவிக் கழுவி என் கையே சுருங்கிப் போச்சு, உனக்கு ஒரு தட்டக் கழுவ வலிக்குதா.' 'நீ டாக்டர் ஆகாட்டி போ, டாக்டர்கிட்ட போகாமயாவது இரு, ஸ்வெட்டரப் போடு.' சாயங்காலத்துக்குள் அது வீடியோவாகிவிடும். எனக்கு அதில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஹண்டிங்டன் பீச்சில், பெண்களின் காலைக் கழுவி நகத்துக்குச் சாயம் பூசிவிடும் ஒரு நகக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அவள் பெயர் வீட்டில் தோவா, கடையில் டீனா. போன் அவளுக்குப் பேசுவதற்கும் மந்திரம் கேட்பதற்கும் மட்டும்தான். லாம் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறான் என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருபது வயதில் அவனே சொன்னான். அன்று அவள் அடுப்பில் மண்சட்டியில் மீன் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டவள் திரும்பவில்லை. கரண்டியைப் பிடித்தபடி வெகுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டியே நின்றாள். அந்த முதுகு குலுங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டியை மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

"ஆம்பளையப் புடிக்குதோ பொம்பளையப் புடிக்குதோ, மீன் ஆறிப்போகுது. மொதல்ல சாப்பிடு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. அவள் வாழ்நாளில் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

லாம் அதையும் வீடியோ ஆக்கினான். முதுகைக் காட்டி நின்று, பஞ்சு வைத்த இடுப்பைக் குலுக்கி, அந்தக் குலுக்கலுக்கு ஒரு மேளச் சத்தமும் சேர்த்தான். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். 'மீன் ஆறிப்போகுது' என்று பனியனில் அச்சடித்து விற்றார்கள். இதைப் பார்த்துத்தான் என் வீட்டில் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது என்று எத்தனையோ பிள்ளைகள் அவனுக்கு எழுதினார்கள். அது பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். நம் வியட்நாம் பிள்ளைதான். அம்மா அவள் கையைப் பிடித்து நகத்துக்கு அரம் போட்டபடி, இவ்வளவு மெலிந்து கிடக்கிறாயே என்று திட்டியிருக்கிறாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்து, ஆன்ட்டி, நீங்கள் அச்சு அசலாக மேடம் டூரியன் மாதிரியே பேசுகிறீர்கள் என்று போனை எடுத்து நீட்டியிருக்கிறாள். நீட்டியது மீன் வீடியோ. கூட வேலை பார்க்கும் ஹான் அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். அம்மா கடைசிவரை பார்த்தாளாம். தன் சட்டையைப் பார்த்தாள், தன் மோவாய் மச்சம் மையால் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள், வரைந்த புருவத்துக்குக் கீழே தன் பிள்ளையைப் பார்த்தாள். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன கலர் போடட்டும் என்று கேட்டாளாம்.

அன்று சாயங்காலம் அவள் தன்னிடமிருந்த பூப்போட்ட உடுப்புகள் அத்தனையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் அடுக்கினாள். கார் ஷெட் கதவைத் தட்டினாள். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன்.

"வேலைக்கு வேணும்ல. வச்சுக்கோங்க" என்றாள்.

பெற்ற பிள்ளையிடம் 'வச்சுக்கோங்க'. லாமின் முகம் செத்துப்போனது. அம்மா, யாரும் உன்னைக் கேலி பண்ணவில்லை, உன்மேல் ஆசைப்பட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னான். அவள் கடைசிவரை நின்று கேட்டாள். சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

அன்றோடு அவனைத் திட்டுவது நின்றது. அழுகை இல்லை, சண்டை இல்லை, வாசலை மிதிக்காதே என்ற பேச்சும் இல்லை. கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்மணிகளிடம் பேசுகிற அதே குரலில் அவனிடம் பேசினாள். அவன் உட்கார்ந்தால் கிண்ணத்தை இரண்டு கையாலும் கொடுப்பாள். அவனும் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். கிழிந்த சட்டையோடு வந்தான். குளிரில் ஈரத் தலையோடு நின்றான். சோற்றில் பாதியைத் தட்டிலேயே விட்டான். ஒன்றுக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. முப்பது வயதுத் தடியன், ஒரு திட்டுக்காக மூன்று மாதம் பிச்சைக்காரன் மாதிரி அந்தச் சமையலறையைச் சுற்றி வந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நானும் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அவனே இட்டுக்கட்டிச் சில வீடியோ போட்டான், எடுபடவில்லை. கீழே எழுதுகிறவர்கள் இது மேடம் டூரியனே இல்லை என்று எழுதினார்கள். அந்த நேரத்தில்தான், புத்தாண்டு விளம்பரத்துக்கு நிஜ அம்மாவையும் கூட்டி வா என்று சமையலுக்குப் புட்டியில் மீன்சாறு விற்கும் ஒரு கம்பெனி அவனைக் கேட்டது. அவன் மறுத்துவிட்டான். கம்பெனி ஆள் நேரே நகக்கடைக்கே போய் அம்மாவைப் பார்த்தான். அவள் உடனே ஒப்புக்கொண்டாள்.

லாம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அக்கா, மன்னிச்சுட்டாக்கா. இல்லன்னா வருவாளா?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாடகைக்கு எடுத்த ஒரு சமையலறையில் படப்பிடிப்பு. இருவருக்கும் ஒரே மாதிரிப் பூப்போட்ட உடுப்பு. உங்களுக்குத் தோன்றியதைப் பேசுங்கள் அம்மா என்றார் டைரக்டர். அம்மா கேமராவைப் பார்த்தாள். இடது புருவத்தைத் தூக்கினாள். மணிக்கட்டை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அது அவள் பேச்சில்லை. அவன் வீடியோக்களில் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு. எங்கே நிறுத்துவான், எங்கே நாக்கைச் சொடுக்குவான், எங்கே கண்ணை உருட்டுவான், எல்லாம் அப்படியே. சாப்பாட்டு இடைவேளையில் ஹான் அக்காவின் போனில் ஒன்று விடாமல் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். லாம் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். முடிந்ததும் அவள் டைரக்டரைப் பார்த்து, இப்படித்தானே, சரியாக வந்ததா என்று கேட்டாள். தம்பியைப் பார்த்துக் கேட்கவில்லை.

அதுவரை அவன் போட்டதிலேயே அதுதான் அதிகம் ஓடியது. இன்னும் பன்னிரண்டு எடுக்கலாம் என்றது கம்பெனி. அம்மா தயார் என்றாள். 

புத்தாண்டு முடிந்த வாரம், ஒரு ஞாயிறு காலை, லாம் சமையலறைக்கு வந்தான். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. பசை நீங்கிய புருவம் முள்முள்ளாக நின்றது. அம்மா மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து போனை அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்தான்.

"அம்மா, எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன். வீடியோ, கணக்கு, எல்லாம். கம்பெனிக்கும் வேண்டாம்னு சொல்லியாச்சு. இனிமே டூரியன் கிடையாது. எனக்கு வேற வேலையும் தெரியாது."

அவன் எதற்குக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். முட்டாப் பயலே, ஆறு வருஷ உழைப்பை எவனாவது குப்பையில் கொட்டுவானா என்று அவள் கீரைக்கட்டாலேயே தலையில் ஒன்று போட வேண்டும். அதற்காகத்தான் அவன் அழிக்கிறான்.  நிஜமாகவே அழிக்கவா என்று போன் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே அழுத்தினான்.

"உங்க இஷ்டங்க" என்றாள் அம்மா.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து நடைவழிக்குப் போனான். அம்மா கீரையை அலச எழுந்தாள். தொட்டியில் நான் போட்டு வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள்.

"ஏண்டி யென், இது தொட்டியா, குப்பைமேடா? நேத்து ராத்திரி தின்னுட்டுப் போட்டது, எறும்பு வந்து கழுவிக் குடுக்கும்னு பாத்தியா? முப்பத்தஞ்சு வயசாச்சு, உன்ன எவன் கட்டிப்பான்? அந்த எறும்புகூட இன்னும் ரெண்டு நாள் யோசிக்கணும்னு சொல்லும்…"

அவள் நிறுத்தவில்லை. மூன்று மாதமாக அவனுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. நடைவழியில் லாம் போகாமல் நின்றிருந்தான். சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு விழுந்த ஒவ்வொரு திட்டையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் பேச்சையெல்லாம் அவனுக்கு அனுப்பினவள் நான்தான் என்று அம்மாவிடம் அவன் இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கும் இரண்டு கையால்தான் கிண்ணம் வரும். இந்த வீட்டில் அந்தக் குரல் அப்புறம் யாருக்கும் கேட்காது. அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அவனிடம் ஒருநாள் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றான். நம்பின மாதிரி தெரியவில்லை.