கலோநிசிக்கு இரண்டு ஓட்டு

மணி ஐந்து இருபது. எங்கள் தீவான கலோநிசியில் வாக்குச்சாவடி மூட இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் இருந்தது. எங்கள் கப்பலோ நான்கு மணிக்கே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எனக்கு எதிரே ஸ்தமாத்திஸ் பகடை உருட்டிக்கொண்டிருந்தான். தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே என் பக்கத்து இருக்கை. முப்பது வருடம் கப்பலில் சமைத்துவிட்டு இப்போது என்னைப் போலவே ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸில் வாடகை வீட்டில் இருக்கிறான். அவன் மச்சான் ஃபோத்திஸ்தான் பதினாறு வருடமாகத் தீவின் தலைவர். ஃபோத்திஸை எதிர்த்து நிற்பவள் என் தங்கை கல்லிரோயி.

எங்கள் தீவில் ஓட்டு ரகசியம் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தோடு சரி. யார் யாருக்குப் போடுவார்கள் என்பதைக் காபிக்கடையில் வெள்ளிக்கிழமையே எண்ணி முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. பாக்கி இரண்டு பேரும் கப்பலில் பகடை ஆடிக்கொண்டிருந்தோம்.

சண்டையே கப்பல்துறையைப் பற்றித்தான். எங்கள் துறை குட்டை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கப்பல் நிற்காமல் போய்விடும். போன பிப்ரவரியில் பத்தொன்பது நாள் நிற்கவில்லை. மாவு தீர்ந்து பேக்கரியையே மூடிவிட்டார்கள். துறையை நாற்பது மீட்டர் நீட்ட வேண்டும் என்கிறாள் கல்லிரோயி. அலை தன்னால் அடங்கும் என்கிறார் ஃபோத்திஸ்.

போன தேர்தலில் அவள் ஒரே ஒரு ஓட்டில் தோற்றாள். அந்த ஒரு ஓட்டு என்னுடையது. ஒரு கல்யாண கவுனுக்கு எண்பத்தாறு பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததில் கப்பலை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஃபோனில் என்னோடு வானிலையை மட்டும்தான் பேசுகிறாள்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. கலோநிசியில் அலை அதிகம், பின்கதவை ஒரே ஒரு தடவைதான் இறக்குவேன், அதுவும் இரண்டு நிமிடம், வயதானவர்கள் அடுத்த தீவு வரை வந்துவிடுவது நல்லது என்றார் கேப்டன்.

ஸ்தமாத்திஸ் பகடையைக் கீழே வைத்தான்.

"இங்க பாரு ஆர்கிரோ. நீ உன் தங்கச்சிக்குப் போடப்போறே. நான் என் மச்சானுக்குப் போடப்போறேன். உன் ஓட்டுக்கு என் ஓட்டு சரியாப்போச்சு. இதுக்குப் போய் அங்க குதிச்சு இடுப்ப ஒடிச்சுக்கணுமா? ரெண்டு பேருமே இறங்க வேணாம்."

நியாயமான பேச்சு. சமம் வந்தால் எப்படியும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஆனால் அவன் இறங்காமல் நான் மட்டும் இறங்கினால்?

"சத்தியமா?" என்று கேட்டேன்.

"புனித நிக்கோலாஸ் மேல சத்தியம்."

நானும் சத்தியம் செய்தேன். காபி விற்கும் இடத்துக்கு மேலே அதே புனிதர் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இந்த ஒரு தடவை கண்டுகொள்ளாதீர் என்று அவரிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஸ்தமாத்திஸ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்தான். இரண்டே நிமிடத்தில் காய்ந்த எண்ணெயில் மீன் விழுந்த மாதிரி ஒரு குறட்டை. கழிவறைக்குப் போவதாக அந்தத் தொப்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கழிவறையில் கால் மணி நேரம் ஒளிந்திருந்தேன். இன்ஜின் சத்தம் மாறியதும் இரும்புப் படிகளில் இறங்கி, வண்டிகள் நிற்கும் தளத்துக்கு வந்து, கேஸ் சிலிண்டர் லாரிக்குப் பின்னால் பதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒருவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதுங்கியிருந்தான்.

"கழிவறை இங்கயா இருக்கு?" என்றான் ஸ்தமாத்திஸ்.

"குறட்டைய மேல விட்டுட்டு வந்துட்டியா, கூடவே கூட்டிட்டு வந்தியா?"

"சத்தியம் பண்ணின வாய்தானே உன்னுது?"

"போடா. உன்னுது மட்டும் வாடகை வாயா?"

சங்கிலிகள் அலறின. பின்கதவு இறங்கியது. சிமெண்டில் மோதி, அரை மீட்டர் எழும்பி, மறுபடி மோதியது. மணி ஆறு நாற்பது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓரத்தில் நின்ற மாலுமி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, கதவு தாழ்ந்த விநாடியில் போ என்று தள்ளினான். துறையில் நின்றேன். ஒரு சொட்டு நனையாமல்.

ஸ்தமாத்திஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டான். முப்பது வருடம் கடலில் இருந்தவனுக்கு எவனும் சொல்லித்தர வேண்டாமாம். அவன் கால் வைத்த நேரம் பார்த்துக் கப்பல் ஒரு முழம் விலகியது. இடைவெளி வழியாக வந்த அலை அவனைத் தலை முதல் கால் வரை குளிப்பாட்டித் துறையின் விளிம்பில் குப்புறத் தள்ளியது. தொப்பி போயே போய்விட்டது. இரண்டு கால்களும் வெளியே தொங்கின.

விட்டுவிட்டு ஓடலாம் என்று தோன்றியதா? தோன்றியது. இரண்டு விநாடி.

அப்புறம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். கப்பல் கயிற்றைப் பிடிக்க நின்ற தபால்காரர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தார். மேலே வந்தான். உப்புத் தண்ணீரைத் துப்பினான். துறையை ஒரு பார்வை பார்த்தான். அது முடிகிற இடத்தையும், அதற்கு அப்பால் கப்பல் தத்தளித்துக்கொண்டிருந்த இடத்தையும் பார்த்தான்.

"நடடா, நேரமாகுது," என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு நூற்று நாற்பது படி. போய்ச் சேரும்போது ஆறு ஐம்பத்தாறு. ஏதென்ஸிலிருந்து வந்திருந்த இளம் வக்கீலம்மாதான் தேர்தல் அதிகாரி. அடையாள அட்டையைப் பார்த்து, இருவர் பெயர்ச் சீட்டுகளும் ஒன்றைப் போட்டு ஒட்ட ஓர் உறையும் கொடுத்தாள். நான் அரை நிமிடத்தில் போட்டுவிட்டேன். ஸ்தமாத்திஸ் திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றான். திரைக்குக் கீழே தண்ணீர் ஓடையாக வந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து உறையைப் பெட்டியில் திணித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றான்.

ஏழுக்கு எண்ணத் தொடங்கினார்கள். ஜன்னல்களில் தீவே தொங்கியது. கல்லிரோயி முப்பது, ஃபோத்திஸ் இருபத்தொன்பது. இன்னும் ஓர் உறை வரவேண்டும். பெட்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. ஈரத்தில் பெட்டியின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அது யாருடையது என்று சொல்லவா வேண்டும்? முப்பதுக்கு முப்பது. ஃபோத்திஸ் அப்போதே குலுக்குவதற்கு ஒரு காலி டப்பா கேட்டுவிட்டார்.

வக்கீலம்மா நகத்தால் சுரண்டி எடுத்தாள். உறையைப் பிரித்தாள். சொட்டுகிற சீட்டை விளக்கில் பிடித்துப் படித்தாள்.

"கல்லிரோயி."

ஃபோத்திஸின் ஆள் எழுந்து, யார் போட்டது என்று காட்டும் அடையாளம் சீட்டில் இருக்கிறது, அது செல்லாது என்றான். தண்ணீர் அடையாளமாகாது என்று வக்கீலம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொன்று, இருபத்தொன்பது.

அத்தனை தலைகளும் ஸ்தமாத்திஸ் பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பாக்குறீங்க? யார் வேணா நனைஞ்சிருக்கலாம்," என்றான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஃபோத்திஸ் மட்டும் பார்வையை எடுக்கவில்லை.

"என் தொப்பிய எடுத்துக் குடு மச்சான், அடுத்த தடவை உனக்கே போடுறேன். அந்தா, நாப்பது மீட்டர் தள்ளி மிதக்குது," என்றான் ஸ்தமாத்திஸ்.

முதலில் சிரித்தது ஃபோத்திஸின் மனைவி. ஸ்தமாத்திஸின் சொந்த அக்கா.

கல்லிரோயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். செருப்பு இன்னும் என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கடல் எப்படிக்கா இருந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? ஸ்தமாத்திஸக் கேளு."