பதினொரு குருசடி, ஒரு நான்காமிடம்

1

இந்தக் கதைக்குக் காரணம் எரிச்சல். கல்லூரி ஆண்டு மலருக்குக் கேட்டார்கள் என்று வேண்டுமானால் எழுதலாம்; அது பொய். கடந்த ஜனவரியில், அதாவது 1979 ஜனவரியில், தைரியராஜ் ஓர் ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தான். பத்து மாதமாக எனக்கு ஆறவில்லை.

தைரியராஜ் என் வகுப்பு, வீடு பாலக்கரை. பந்தயம் தெற்கே குமரிப் பக்கம்: சின்னச் சின்னத் துறைமுக ஊர்களை இணைத்து, கடலோரக் குன்றுகளில் ஏறி இறங்கும் ஒன்பது மைல் ஒற்றையடிப் பாதை. முதல் மூன்று பேருக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அதற்காக இரண்டு வருடம் மலைக்கோட்டைப் படியிலும் காவிரி மணலிலும் ஓடியவன் இவன்.

2

தொடக்கம் ஒன்று: ‘நீலக்கடல் தன் அலைக்கரங்களை நீட்டி அவனை’

(அடித்துவிட்டேன். நான் கடலைப் பார்த்ததே இல்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், அதுதான் ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அதிகபட்சத் தண்ணீர்.)

தொடக்கம் இரண்டு: ‘முதல் குன்றின் மேல் அவன் இரண்டாமிடத்தில் இருந்தான். அப்போது நின்றான்.’

இதுதான் நடந்தது. இருக்கட்டும். பாதையோரம் ஒரு குருசடி, சிலுவை நட்ட சின்ன ஜெபக்கூடு. நின்றான், சிலுவை போட்டான், ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னான், ஓடினான். சரி, பக்தி. ஆனால் அந்தப் பாதையில் மொத்தம் பதினொரு குருசடி.

பதினொன்றிலும் நின்றிருக்கிறான்.

மூன்றாவதாக வந்தவனுக்கும் இவனுக்கும் இடையே இருபது கஜம்.

3

கதாபாத்திரத்தை முதலில் நான் நம்ப வேண்டுமே. தைரியராஜிடமே கேட்டேன்.

“ஒரே ஒரு குருசடிய விட்டுட்டு ஓடுனதா எழுதட்டுமா? கதையிலயாவது வேலை கிடைக்கும்.”

“அப்ப அது நான் இல்லடா. வேற எவனையாவது வெச்சு எழுது.”

“ஏன்டா நின்னே?”

“எங்கம்மா வளர்ப்பு அப்படி.”

அவன் அம்மாவிடமே போனேன். வியாகுலம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“நானா நிக்கச் சொன்னேன்? நல்லாருக்கே தம்பி! பஸ்ஸுல போறப்ப சர்ச்சு வந்தா நானுந்தான் குருசு போடுறேன். டிரைவரையா நிறுத்தச் சொல்றேன்? ஓடிக்கிட்டே போட்டா மாதா வேணாம்னா சொல்லப்போறாங்க?”

(‘பக்தியா பிழைப்பா’ என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பூண்டுத் தோலோடு அதுவும் குப்பைக்குப் போயிற்று.)

4

திரும்பவும் அவனிடம். ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

“குருசடி எல்லாம் மேட்டு உச்சியில இருக்குடா.”

“அதனால?”

“ஏறுனதும் மூச்சு வாங்குது. சும்மா நின்னா, முடியலன்னு நிக்கிறான்பாங்க. குருசடிகிட்ட நின்னா யாரு கேக்கப் போறா?”

அவனே மேலும் சொன்னான்:

“மொதல் ரெண்டுல நெசமாவே கும்பிட்டேன்டா.”

“மிச்சம் ஒன்பது?”

“தெரியல. அதான் எனக்கும் பிரச்சினை.”

5

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) நிற்காமல் ஓடி ஜெயிக்கிறான். உடற்பயிற்சி ஆசிரியர் மகிழ்வார்.

ஆ) பதினொன்றிலும் நின்றும் ஜெயிக்கிறான். மலரைத் திருத்தும் பாதிரியார் மகிழ்வார்.

இ)

(காலி.)

வரும் ஜனவரியில் அதே பாதை, அதே பந்தயம். வயது வரம்புப்படி இவனுக்கு இதுதான் கடைசி. என்னையும் கூப்பிடுகிறான்.

“கடைசி குருசடிகிட்ட நில்லு. நான் நின்னேன்னா கெட்ட வார்த்தையில திட்டு.”

“மாதா முன்னாடியா?”

“உனக்கென்னடா, நீ பெருமாள் பார்ட்டி.”

மலர் டிசம்பரில் அச்சேறுகிறது. பந்தயமோ அதற்குப் பிறகு. ஆகவே முடிவு என்னிடம் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறான். முன்னால் மூன்று பேர். மூன்றாமவன் கைக்கெட்டும் தூரம். மூச்சு வாங்குகிறது. ஓட வையுங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். நின்றுவிட்டால் மட்டும், எதற்காக நின்றாய் என்று அவனைக் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்தாயிற்று.