கட்டிலுக்கடியில் இல்லாத பொம்மை

தம்பி கண்ணை மூடிக்கொண்டே சமையலறைக்குள் நடந்து வந்தான். "ஏழு... வலது பக்கம்... நாலு... கட்டில்... குனி... பொம்ம!" என்று எண்ணிக்கொண்டு வந்து, அடுப்பருகே நின்ற அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு அக்கா! இன்னிக்கு வர்ற ஆபீசர் வாயப் பொளக்கப் போறாரு பாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தீயணைப்புப் பயிற்சி மையத்தில் அவள் ஆசிரியை. பத்து வயதிலிருந்து அவள் கையில் சோறு தின்று வளர்ந்த இவன் இப்போது அவளிடமே மாணவன். வீட்டில் அக்கா, மையத்தின் வாசலைத் தாண்டினால் மேடம். இன்று தேர்வு முடிந்தால் இன்றே சான்றிதழ். திங்கட்கிழமை காலை இவன் நிஜ நெருப்புக்குள் போகிற வேலையில் சேர்ந்துவிடுவான்.

மையத்தின் பின்பக்கம் புகை அறை இருந்தது. ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள், ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு இரும்புக் கட்டில். இயந்திரத்தை முடுக்கினால் அறை முழுக்கப் புகை நிறையும். ஆளைக் கொல்லாத புகைதான், ஆனால் தன் கையே தனக்குத் தெரியாது. கட்டிலுக்கடியில் ஆறு வயதுப் பிள்ளை அளவுக்கு, மணல் அடைத்த துணிப்பொம்மை கிடக்கும். ஒரு கை சுவரை விடாமல், மறு கையால் தரையைத் துழாவியபடி தவழ்ந்துபோய், நாலு நிமிஷத்துக்குள் அதை வெளியே கொண்டுவர வேண்டும். நூற்றுக்கு எண்பது பேராவது தேறினால்தான் மையத்துக்கு அடுத்த வருஷப் பணம் வரும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் பாதிப் பேர் தேறாமல், பணம் நின்று, மையம் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு அந்தக் கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. தரையைப் பெருக்கினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கட்டிலை மட்டும் சாமி மாதிரி அப்படியே விட்டுவிட்டார்கள். தேர்ச்சி விகிதம் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது, மேலிடத்திலிருந்து கேடயமெல்லாம் கொடுத்தார்கள். பயிற்சியின் தரம் உயர்ந்துவிட்டதாம்!

மாணவர்கள் தேடாமல் அடிகளை எண்ணியே போகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். தன் தம்பி வந்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் போனது. ஊரார் பிள்ளைகள் எண்ணியபோது எங்கே போயிருந்தது இந்தக் கவலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மேலாளரிடம் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாள்.

"ஆபீசர் வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் கட்டில என்ன, கட்டடத்தையே நகத்திக்கலாம்" என்றார் அவர்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். வருகைப் பதிவேட்டை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். புகை அறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் அவருக்கு உலகமே சரிதான். "ரொம்ப நல்லாருக்கு. ஒரே ஒரு பையன மட்டும் செஞ்சு காட்டச் சொல்லுங்க, போதும்" என்றார்.

"நம்ம மேடத்தோட தம்பியே இருக்கான் சார். மையத்துலயே வேகமான ஆளு" என்று மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதிகாரியை டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு அந்த டீ நேரம்தான் இருந்தது. புகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்தாள். அது தரையில் கீச்சிட்ட சத்தத்தில் அவளுக்கு உயிரே போய் வந்தது. பொம்மையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். சின்ன வயதில் பயந்தால் தம்பி எங்கே போய் ஒளிவான் என்று யோசித்தாள். முதல் அறைக் கதவுக்குப் பின்னால் அதை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை.

டீ முடிந்து அதிகாரி வந்ததும், தம்பி முகமூடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கதவு திறந்தது, புகைக்குள் தவழ்ந்து மறைந்தான். அவள் கையில் கடிகாரம் ஓடியது. ஒரு நிமிஷம். ஒன்றரை. உள்ளே எங்கோ தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அது கட்டில் இருந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துல தேடுடா, சுவரப் பிடிடா என்று மனசுக்குள் கத்தினாள். சத்தம் நின்றது.

இரண்டு நிமிஷம் இருபது செகண்டில் வெளியே வந்துவிட்டான், வெறுங்கையோடு. முகமூடியைக் கழற்றியபோது முகத்தில் கலக்கமே இல்லை, சிரிப்புத்தான் இருந்தது.

"மேடம், கட்டில எங்கயோ தள்ளிட்டு, பொம்மைய வைக்க மறந்துட்டீங்க!"

சுற்றி நின்ற மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அதிகாரிகூடப் புன்னகைத்தார். "பரவாயில்லம்மா, மனுஷங்கதானே. தம்பி சரியான நேரத்துலதான் வந்திருக்காரு. தேர்ச்சின்னே போட்டுக்கிறேன். மறந்துட்டீங்க, அவ்வளவுதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் வேலை தப்பும், மையம் தப்பும், தம்பியின் மானமும் தப்பும். மேலாளர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"மறக்கல சார்" என்றாள். "உள்ளதான் இருக்கு."

விசிறியைப் போட்டுப் புகையை வெளியேற்றினார்கள். அதிகாரி முதல் ஆளாக உள்ளே போனார். கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, பொம்மை உட்கார்ந்திருந்தது. தம்பி தவழ்ந்து போன வழிக்கும் அதன் காலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் அவன் அதைத் தாண்டியிருந்தான்.

"பத்து வருஷமா அந்தக் கட்டில் நகரல சார். இவங்க யாரும் தேடுறதில்ல, எண்ணுறாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "மீதிப் பேரையும் அனுப்பிப் பாருங்க. ஒவ்வொருத்தருக்கும் எடத்த மாத்தி வைக்கிறேன்."

மொத்தம் இருபத்துநாலு பேர். பொம்மையோடு வந்தவர்கள் ஐந்தே பேர். அதில் ஒருவன், எப்போதும் நாலு நிமிஷத்தைத் தொட்டுவிட்டு மூச்சிரைக்க வருவதால் எல்லோரும் நத்தை என்று கேலி செய்கிற பையன். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "இத எழுதினா இந்த மையத்துக்குப் பணம் வராதும்மா. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எழுதலன்னா?"

"திங்கக்கிழமை இவங்க எல்லாரும் வேலைக்குப் போவாங்க."

அவர் எழுதினார். படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. அதனால் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், பொடி எழுத்தில் வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. மாதக் கடைசியில் முடிவு தெரியும் என்றார், சான்றிதழ்களை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மேலாளர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்குத் தனக்கு இங்கே நாற்காலி இருக்குமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் தம்பி நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தான். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தான். "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டல்ல?"

"ஆமா, வாங்கிட்டேன்."

"நீயே தூக்கி வச்சியா?"

"நான்தான் வச்சேன்."

அவன் வேகமாக முன்னால் நடந்தான். வீட்டுப் பூட்டைத் திறந்தான். உள்ளே போனவன் விளக்கைப் போடவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து, கதவுக்குப் பின்னால் கையை விட்டு, தரையிலிருந்து மேல்வரை மெதுவாகத் துழாவினான். அங்கே ஒரு குடை மட்டும் சாய்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ரெண்டு தடவ தாண்டியிருக்கேன் அக்கா" என்றான்.

அவள் அவன் முதுகில் கை வைத்தாள்.

"நாளைக்கு எங்க வைப்ப?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்டா" என்றாள்.