குரல் வேணும், பிள்ளை வேண்டாம்

வேலை கேட்டு வருகிறவர்களை நன்றாகக் காக்கவைத்துவிட்டு, வந்து கதிரையில் சாய்ந்ததும் "எங்களுக்கு ரைம் தான் எல்லாம்" என்று சொல்கிற ஆள் செந்தூரன். ரொரொன்ரோவிலிருந்து வந்து, நல்லூரில் சொந்த வீட்டின் மேல்மாடியை அலுவலகமாக்கி, 'வலைக்கூடை' என்று ஒரு கொம்பனி தொடங்கியிருந்தார். கொடிகாமச் சந்தை மரக்கறியையும் கரையில் இறங்கும் மீனையும் கைப்பேசி வழியே வீடு வீடாக விற்பதுதான் திட்டம். கூடை இன்னும் நிறையவில்லை. ஆனால் தலைவர் என்ற பட்டமும் பெயர் அச்சடித்த கறுத்த ரீ சேர்ட்டும் முதல் நாளே வந்துவிட்டன.

ஜெசிதா இந்த மனிதரிடம் நேர்முகத்துக்கு வருவது இது மூன்றாம் தடவை. முதல் தடவை கைப்பேசியில். அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பாதியும் காரின் கூரையும் தெரிந்தன. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். அவள் தொடங்கியதும் குறுக்கே வந்த சைக்கிள்காரர் ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு "சுப்பர்" என்றார். எது சுப்பர் என்று ஜெசிதாவுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாம் தடவை நேரில். கொழும்பில் அவள் செய்த வேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நீங்கள் ஒரு மரக்கறி எண்டால் என்ன மரக்கறியாய் இருப்பியள்?" என்று கேட்டார்.

"பாவக்காய்" என்றாள்.

அவர் தலையை ஆட்டி அதைக் கணினியில் பதிந்துகொண்டார்.

எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. அம்மா தவறிப்போன பிறகு குருநகர் வீட்டில் அப்பா எமில்ராஜ் தனியாக இருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கடலுக்குப் போகவேண்டாம் என்றால் கேட்கிற மனிதரும் இல்லை. அவருக்காகத்தான் அவள் கொழும்பு வேலையை விட்டு வந்தாள். பழைய கொம்பனி திரும்பி வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்தால் அவரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் பஸ் ஏறவேண்டும். அவள் படித்த கணினிப் படிப்புக்கு ஊரில் அப்போது ஆள் எடுத்த ஒரே இடம் வலைக்கூடை. அதனால் பாவக்காய் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே செந்தூரன் ஒரு சோதனை வேலையும் கொடுத்தார். அன்றன்று பிடித்த மீனைத் தொழிலாளிகளே பதிந்துவிடுவதற்குக் கைப்பேசியில் ஒரு பக்கம் செய்துவரவேண்டும். ஈரக்கையோடு எந்த மனிசன் எழுத்துத் தட்டுவான் என்று யோசித்த ஜெசிதா, ஒரு பொத்தானை அமத்திவிட்டுப் பேசினால் போதும் என்கிறமாதிரிச் செய்தாள். மாதிரிக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை குருநகரில் வள்ளம் இறங்காது. பூசை முடிந்து வந்த எமில்ராஜ் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றாமலே வந்து குந்தி, கரையில் நின்று மீனைக் கூவி விற்கிற அதே குரலில் சொன்னார்:

"விளைமீன் இருக்கு. பாரை இருக்கு. ஒட்டி எண்டால் இப்பவும் துடிக்குது. வாங்கோ, வாங்கோ!"

பக்கத்தை அனுப்பிவைத்த பிறகு, இப்போது மூன்றாம் தடவை. வெளி அறையில் அவள் காத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் செந்தூரன் திரையில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளேயிருந்து கேட்டது: "ஒட்டி எண்டால் இப்பவும் துடிக்குது. வாங்கோ, வாங்கோ!"

ஜெசிதாவுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. பப்பாவின் குரல்! செந்தூரன் சொன்னது அடுத்துக் கேட்டது.

"இதெல்லாம் எங்கடை ரீம் செய்தது, சோமசேகரம் அங்கிள். நீங்கள் லண்டனிலையிருந்து வந்து இறங்கினதும் வியாழக்கிழமை நேரிலை வாங்கோ. உங்கடை கையாலேயே அமத்திப் பாருங்கோ. பிறகு நீங்கள் பங்குக்குக் காசு போடுறதைப் பற்றிக் கதைப்பம்."

அவள் இன்னும் ரீமில் இல்லை. வாசலில் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செந்தூரனின் தாய் குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்தார். அலுவலகத்தின் குசினி அவர் கையில். வேலை செய்கிற பிள்ளைகளுக்குக் கொம்பனியின் பெயர் போட்ட பீங்கான் கோப்பைகளில் ஊற்றினார். ஜெசிதாவுக்கும் அதே மாதிரி ஒன்றை நீட்டியபடி கேட்டார்.

"பிள்ளை எவடம்?"

"குருநகர்."

"சொந்த இடமே அதுதானோ? அப்பா என்ன செய்யிறார்?"

"கடற்தொழில், அன்ரி."

குணலட்சுமி சிரித்தார். சிரித்தபடியே அந்தக் கோப்பையைத் திரும்பக் கொண்டுபோய், தேத்தண்ணியைக் கடதாசிக் கோப்பை ஒன்றில் மாற்றி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பிறகு மகனைக் குசினிக்குக் கூப்பிட்டார். இடையில் ஒரு திரைச்சீலைதான்.

"தம்பி, உவை கடற்கரைச் சனம். எல்லாரும் எங்கடை குசினிக்குள்ளை புழங்கிற இடம். யோசிச்சுச் செய்."

திரும்பி வந்த செந்தூரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "திறமை எல்லாம் ஓகே, ஜெசிதா. ஆனால் நாங்கள் இங்கை ஒரு குடும்பம் மாதிரி. கல்ச்சர் ஃபிட் எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் பிறகு அறிவிக்கிறம்."

கனடாவில் வளர்ந்து, உலகத்தையே மாற்றப்போவதாகச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் மனிதர்! நல்லூர்க் குசினிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டால் அது புதுமையாகிவிடும் என்று நினைத்தார்.

"உள்ளை கேட்ட குரல் ஆற்றை?" என்று ஜெசிதா கேட்டாள்.

"அது சும்மா சாம்பிள் தானே."

"அது என்ரை பப்பா."

"அதுக்கென்ன? நீங்கள் தந்ததை எங்கடை ரீம் டெவலப் பண்ணினது."

ஜெசிதா எழுந்தாள். கடதாசிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். தட்டிலிருந்து பெயர் போட்ட பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியை அதற்குள் ஊற்றினாள். குணலட்சுமிக்கு முன்னால் நின்று ஆறுதலாகக் குடித்து முடித்தாள். கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு, அன்ரி" என்றாள்.

பிறகு படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். எமில்ராஜ் வலைப் பொத்தலில் விரலை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ரை குரல் வேணும், என்ரை பிள்ளை வேண்டாமாமோ?" என்றார் கடைசியில்.

"இப்பவே அந்தக் குரலை எடுத்துவிடுறன், பப்பா. அது என்ரை கணக்கிலைதான் இருக்கு. பக்கத்தைத் தூக்கினவை குரல் எங்கையிருந்து வருதெண்டு பாக்கேல்லை. நான் அழிச்சால் அங்கையும் இல்லை."

"அழிக்காதை. அவைக்கு என்ரை குரல்தானே வேணும்? கேக்கட்டும். போனைக் கொண்டா."

வியாழக்கிழமை எமில்ராஜ் கரையில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெசிதா தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். கைப்பேசி அடித்தது.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" செந்தூரன் மூச்சு வாங்கினார். "அங்கிள் வந்து இருக்கிறார்! நான் மானங்கெட்டு நிக்கிறன்!"

அவருக்குப் பின்னால் யாரோ பொத்தானை மறுபடி அமத்தினார்கள். பழைய பாரைக்கும் விளைமீனுக்கும் பதிலாக எமில்ராஜின் குரல் நல்லூர் மேல்மாடி முழுக்க நிறைந்தது.

"நான் குருநகர் எமில்ராஜ். இண்டைக்கு மீன் இல்லை. இதைச் செய்தது என்ரை மகள் ஜெசிதா. நாங்கள் கடற்கரைச் சனம் எண்டு அவவுக்கு வேலை இல்லையாம். எங்கடை மீன் மட்டும் வேணுமாம். வாங்கோ, வாங்கோ!"

வயதான குரல் ஒன்று, "உது உண்மையோ தம்பி?" என்று கேட்டது.

செந்தூரன் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தார். "ஜெசிதா, பிளீஸ். வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வாங்கோ. இப்ப உந்தக் குரலை மட்டும் மாத்திவிடுங்கோ. அது ஒரு பிழையான விளக்கம் எண்டு அங்கிளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

ஜெசிதா அப்பாவைப் பார்த்தாள். மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார். கேட்ட வேலை கைக்கு வந்துவிட்டது. அப்பாவோடு இருக்கலாம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் அலைந்தாள்.

"அம்மாவிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள்.

"அங்கிள் பாத்துக்கொண்டு நிக்கிறார், ஜெசிதா" என்றார் செந்தூரன்.

"அம்மாவிட்டைக் கேட்டிட்டு இருங்கோ. நாங்கள் பிறகு அறிவிக்கிறம்."

வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. துடைக்கவும் இல்லை.

"என்னவாம்?" என்றார் எமில்ராஜ்.

"வேலை தாறாராம்."

"நீ என்ன சொன்னனி?"

அவள் சொன்னாள். எமில்ராஜ் வாளியைக் கீழே வைத்தார். அவருக்கும் விளங்கியது, இனி அவள் பஸ் ஏறுவாள் என்று.

"கொழும்புக்குப் போ" என்றார். "நான் டொக்டரிட்டைக் கண்ணைக் காட்டுறன், கடலுக்குத் தனியப் போகமாட்டன், சத்தியம். என்னோடை இருக்கிறதுக்கெண்டு உவங்கடை குசினி வாசலிலை நீ நிக்கக்கூடாது."

கைப்பேசி மறுபடி அடித்தது. எமில்ராஜ் அதை அவள் கையிலிருந்து வாங்கி மீன்பெட்டியின் மூடியில் வைத்தார். அது அடித்து ஓயும்வரை இருவரும் வள்ளத்தைக் கழுவினார்கள்.