நோர்வூட்டுக்குப் போய்வந்த மூலை

நிரோஷன் தன் வீட்டு மூலையை நோர்வூட்டுக்குக் கொண்டுபோனது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை பஸ்ஸில். பழைய கம்பளியில் சுற்றியிருந்தான். இது என்ன என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். "கெதர முல்ல" என்றான். வீட்டு மூலைதானே, கருவாட்டுப் பெட்டி மாதிரி நாறாது, பால் கேன் மாதிரி சிந்தாது என்று அவரும் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். வழியில் மழை பிடித்ததால் பஸ் கால் மணி நேரம் பிந்தியது.

விஷயம் இதுதான். அவன் மனைவி வினோதா நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு மாசி மாதம் திரும்பியிருந்தாள். அந்த வீட்டின் பெரிய அறை மூலையில் முக்கோணமாக ஒரு மீன் தொட்டி. அதைக் கழுவுவது அவள் பொறுப்பு. "அந்த மீனுங்களுக்கு என்னையத் தெரியும். வீட்டாளுங்களுக்குத்தான் பேருகூடத் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆள் திரும்பிவிட்டாள், பயணப் பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை, அது திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உருட்டும் சில்லு உடைந்து தனியாக நிற்க முடியாத அந்தப் பெட்டியை, அவர்களுடைய ஒற்றை அறை வீடான லயக் காம்பராவின் முன்மூலையில், இரண்டு சுவருக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்தாள். சவர்க்காரம் வேண்டுமென்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி சிப்பை இழுத்து மூடுவாள். குவைத்தில் அதே வீட்டில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வேன் வரும் என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்தபோது, "பாப்போங்க" என்றாள். நிரோஷனுக்குப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, பேசாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. அவள் இல்லாத நான்கு வருடமும் அவனுக்கு ஒரு வாய்ச் சோறும் ருசித்ததில்லை. அதனால் அந்த மூலையில் ஒரு மீன் தொட்டி கட்டிவிடுவது என்று முடிவு செய்தான்.

தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்ப்பவன், கணக்கில் கெட்டிக்காரன். இரண்டு சுவரோரமும் இருபது இருபது அங்குலம் என்றால் முன் கண்ணாடி இருபத்தெட்டேகால். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் இத்தனை வருடம் கழித்து உதவிக்கு வந்ததில் அவனுக்குப் பெருமை. நோர்வூட் டவுனில் மக்பூல் நானாவின் கண்ணாடிக் கடையில் வெட்டி வந்து வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. பாகைமானியை வைத்தான். மூலை எண்பத்தேழு பாகை. இருபத்தேழரைக்கு வெட்டி வந்தான். அன்று மழை, மூலை தொண்ணூற்று மூன்றுக்கு விரிந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்து லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடு, நூறு வருடத்துக்கு மேலாகக் குளிரில் நிற்கிறது, அதற்கும் சில பழக்கங்கள் இருக்கத்தானே செய்யும். பக்கத்துக் காம்பரா நல்லமுத்து இதற்கெல்லாம் அசரவில்லை. "எங்க பக்கமும் அப்புடித்தாம்பா. பொழுது சாஞ்சா சாமி படம் கொஞ்சம் முன்னுக்கு வரும்" என்றார்.

மூன்றாவது கண்ணாடிக்குப் போனபோது மக்பூல் நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கொரு அளவு கொண்டு வந்தா நான் என்னத்த வெட்டுறது தம்பி? மூலையக் கொண்டு வாங்க, வெட்டித் தாரேன்" என்றார். அட்டையில் மூலையின் வடிவத்தை வெட்டி வா என்பதுதான் அதற்குக் கடைத்தெருவில் அர்த்தம். நிரோஷன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். வியாழக்கிழமை காலை பெட்டியை நகர்த்திவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் இரண்டு சுவரிலும் பதித்து இழுத்தான். ஈரச் சுவரிலிருந்து பழைய கலண்டர் உரிவதுபோல மூலை வந்துவிட்டது. ஒரு கூடை கொழுந்து பாரம் இருக்கும்.

"என்னங்க, எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"அளவெடுக்க."

மூலை போன இடைவெளி வழியாக நல்லமுத்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு மூலையும் இல்ல, ஒம் புருசனுக்கு மூளையும் இல்ல, வினோதா" என்றார். அவர் சம்சாரம் அதே வழியாகப் பாதித் தேங்காய் ஒன்றை நீட்டினாள்.

கடை மேசையில் மூலை ஒரு அசைவும் இல்லாமல் நின்றது. அச்சொட்டாகத் தொண்ணூறு. மக்பூல் நானா அதன்மேல் வைத்தே கண்ணாடியை வெட்டிக் கொடுத்து, மூலையைத் தட்டிப் பார்த்து, நல்ல சுண்ணாம்பு என்றார்.

வீட்டில் பெட்டிக்குத்தான் பிரச்சினை. மற்ற மூலைகளில் ஒன்றில் அரிசி டின், ஒன்றில் கட்டில், ஒன்றில் கதவு. வினோதா அதை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் விழுந்தது. மூன்றாவது முறை சிப் பிய்ந்து சாமானெல்லாம் தரையில் கொட்டியது. திட்டிக்கொண்டே பொறுக்கினாள். பொறுக்கியதை எங்காவது வைக்க வேண்டுமே. சாயங்காலம் நிரோஷன் மூலையோடு திரும்பியபோது சேலைகள் சுவர்த் தட்டான ராக்கையில் இருந்தன, சவர்க்காரம் ஜன்னலில் இருந்தது, அவளுடைய செருப்பு அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. வெறும் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது.

"நிக்க மாட்டேங்குது. படுக்கப் போட்டுட்டேன்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் மூலையை இருந்த இடத்தில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினான்.

வெள்ளிக்கிழமை தொட்டியை ஒட்டினான், சனிக்கிழமை காய்ந்தது. ஞாயிறு காலை தண்ணீர் ஊற்றி, ஹட்டனில் வாங்கிய ஆறு மீன்களை விட்டார்கள். பத்து மணிக்கு வேன் வந்து ஹோர்ன் அடித்தது. வினோதா ஈரக் கையோடு வெளியே போனாள்.

"மீனு இருக்குங்க. விட்டுட்டு வர முடியாது" என்றாள். அது பெரிய வேன், அந்த ஒடுங்கிய பாதையில் திருப்பச் சிரமப்பட்டது.

மூலை இன்றைக்கும் மாலையில் மூன்று பாகை குறுகுகிறது, கண்ணாடியும் கூடவே குறுகுகிறது. அப்போது தண்ணீர் ஒரு விரல் உயர, வினோதா பிளேன்டீயோடு உட்காரும் பக்கத்துக்கு ஆறு மீனும் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு அவளைத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவள் பேரும் தெரியும்.