சாவி பத்திரமாக இருக்கிறது

அக்காவின் கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு, பெட்ரோல் டேங்க் மூடியின் சாவி எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மூடியில்தான் கட்டியிருக்கிறேன் என்றார். மூடியைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். நூலும் இல்லை, சாவியும் இல்லை.

"எந்தப் பக்கம்பா?"

"உள்பக்கம்" என்றார்.

அப்பா முப்பது வருஷம் ஒரு கிடங்கில் சாமான் பொறுப்பாளராக இருந்தவர். அங்கே நானூற்றுப் பன்னிரண்டு பூட்டுகள். ஒரு தடவை சாவிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய், மூன்று நாள் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. அந்த மூன்று நாளில் அவருடைய தலைமுடி பாதி நரைத்ததாம். அதிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை: சாவி அதனதன் பூட்டோடு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பீரோ சாவி பீரோவின் கைப்பிடியில் தொங்கும். பெட்டிச் சாவி பெட்டியின் காதில் தொங்கும். வாசல் கதவுச் சாவி வாசல் கதவில், அதுவும் வெளிப்பக்கம் தொங்கும். திருடன் வந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, திருடன் எப்போதோ ஒரு நாள்தான் வருவான், சாவி தினமும் தொலையும் என்று சொல்லிவிட்டார்.

பத்து நாளைக்கு முன்னால் யாரோ எங்கள் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் திருடினார்கள். அப்பா புது மூடி வாங்கி மாட்டினார். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி. மூடியின் அடியில் ஒரு சின்ன வளையம் இருந்தது. இதற்காகவே வைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்து, இரண்டு சாவிகளையும் அதில் கட்டி, டேங்கை நிரப்பி, அழுத்தி மூடிவிட்டார். பெட்ரோலில் கரையாத நூலாகத் தேடி வாங்கினேன் என்று இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

பத்து நாளில் டேங்க் வற்றிவிட்டது. அன்றைக்குப் பார்த்து பஸ், ஆட்டோ, டாக்ஸி எல்லாம் வேலைநிறுத்தம். பதிவு அலுவலகம் பதினான்கு கிலோமீட்டர் தூரம். சனிக்கிழமை என்பதால் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். அந்தத் தேதி தவறினால் மறுபடி விண்ணப்பித்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அக்காவால் காத்திருக்க முடியும், மாப்பிள்ளையால் முடியாது. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் மாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பதினோரு மாதம் கழித்துத்தான் திரும்பும். போன தடவையும் இப்படித்தான் ஒரு தேதி தவறி, பதினோரு மாதம் போயிற்று. இந்தத் தடவையும் தவறினால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அக்கா ஒரு வாரமாக எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மாவும் சித்தியும் முந்தின நாளே அலுவலகத்துக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிட்டார்கள்.

அக்கா புது உடையில் வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். அது பூட்டுக்குள் போய் ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. ஒன்பதாவது ஊசி போனபோது, விடியற்காலையில் எழுந்து போட்ட கொண்டை முழுவதும் அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதற்குள் தெருவில் பாதிப் பேர் அவரவர் வீட்டுச் சாவிக் கொத்தோடு வந்துவிட்டார்கள். வரிசையாக நின்று ஒவ்வொருவராக முயன்றார்கள். ஒருவர் தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகைக்கூடக் கொண்டுவந்திருந்தார். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் தன் ஸ்கூட்டரில் இருந்த பெட்ரோலை ஒரு குடத்தில் இறக்கிக் கொடுத்தாள். ஸ்கூட்டரையே தந்திருப்பாளாம், பின்சக்கரம் ஒட்டுப்போடப் போயிருக்கிறதாம். பெட்ரோல் குடத்தில் இருந்தது, டேங்க் பக்கத்திலேயே இருந்தது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி.

நான் ஓடிப்போய் மூடி விற்ற பூட்டுக்கடைக்காரரை அழைத்து வந்தேன். அவர் குனிந்து, காதை வைத்து, விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே சாவிகள் மெல்லக் கிணுகிணுத்தன. முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல பூட்டுங்க" என்றார். "சாவி இல்லாம யாராலயும் திறக்க முடியாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"உங்களால முடியுமில்ல?" என்றார் அப்பா.

"முடியும். ரெண்டு நிமிஷம். ஆனா தெருவே நின்னு பாக்குதே. இவங்க முன்னாடி என் பூட்டை நானே திறந்துட்டா, நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?"

எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்றார்கள். அவர் அதையும் யோசித்துப் பார்த்தார். பிறகு, கண்ணை மூடினாலும் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிட்டு, அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லிக் கிளம்பிவிட்டார். டிரில் போட்டு உடைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, பெட்ரோல் ஆவிக்கு மேல் தீப்பொறியா, கல்யாணமா கருமாதியா என்று டைப்பிஸ்ட் கேட்டாள். மணி பதினொன்றே கால்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதுவரை அவள் எங்களையெல்லாம் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் வழியா ஏத்த முடியலன்னா நரம்பு வழியா ஏத்தணும்" என்றாள். "அவ்வளவுதான். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

மாடியில் அவளுடைய பூந்தொட்டிகளுக்கு மேலே காலி குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கும். அவள் டூட்டியில் இருக்கும்போது செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குவதற்காக. அதில் இரண்டை டியூபோடு கழற்றி வந்து, உதறிக் காயவைத்து, பெட்ரோல் நிரப்பினாள். காற்றுப் போக மேலே ஒரு ஊசி குத்தினாள். நான் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கி, அந்த வழியில் டியூபைச் சொருகினேன். அவள் பிளாஸ்திரி ஒட்டி, நகத்தால் நீவிவிட்டாள். பிறகு எஞ்சின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்றாள்.

வண்டியின் கிக்கர் உடைந்து ஒரு வருஷமாகிறது. எப்போதும் எங்கள் தெருச் சரிவில் தள்ளித்தான் கிளப்புவோம். தெருவே தள்ளியது. பிடித்துக்கொண்டது.

வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம், அப்பா வீட்டிலேயே நின்றுவிட்டார். நான் ஓட்டினேன். அக்கா பின்னால் உட்கார்ந்து, வலது கையை உயரத் தூக்கிப் பாட்டிலைப் பிடித்திருந்தாள். இடது கட்டைவிரல் டியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்ன உருளைமேல். நான் ஆக்சிலரேட்டரை முறுக்கி ஒரு பயனும் இல்லை, வேகம் அவள் கட்டைவிரலில் இருந்தது. மேடு வந்தால் திறந்துவிட்டாள். இறக்கத்தில் குறைத்தாள். அவிழ்ந்த முடி பின்னால் பறப்பது கண்ணாடியில் தெரிந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் டேங்குக்குள் சாவிகள் கிணுகிணுத்தன. வழியில் ஒரு ஆம்புலன்ஸ் எங்களைக் கடக்க வந்தது. ஓட்டுநர் பாட்டிலைப் பார்த்தார். சைரனை அணைத்துவிட்டு, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நின்றோம். அங்கே மாப்பிள்ளை, அம்மா, சித்தி, சாட்சிக்கு வந்த இரண்டு கப்பல்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அக்கா இறங்கினாள், ஆனால் நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அந்தச் சமதரையில் தள்ளிக் கிளப்ப முடியாது. மாப்பிள்ளை துறைமுகம் போவதற்கும் இதே வண்டிதான். பாட்டிலை நான் பிடிக்கிறேன் என்று அம்மா கையை நீட்டினாள். ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பைப் பழக்கமில்லாத கையில் கொடுத்து இதுவரை வழக்கமில்லை என்றாள் அக்கா. பதினொரு வருஷ சர்வீஸ். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு ஐம்பத்து நான்குக்கு மாப்பிள்ளை உள்ளே ஓடினார். ஐம்பத்தாறுக்குப் பதிவாளர் தடித்த பதிவேட்டை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்பது வருஷமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் போல வெயிலில் கண்ணைச் சுருக்கினார். நோயாளியை நகர்த்த முடியாத நிலையில் மட்டும் படுக்கையருகே கையெழுத்து வாங்க விதி இடம் கொடுக்கிறது என்றார். பாட்டிலைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தார்.

"நோயாளிக்கு நினைவு இருக்கா?"

நான் ஹார்ன் அடித்தேன்.

அவர் திருப்தியாகி, டேங்கின்மேல் பதிவேட்டை விரித்தார். அக்கா வலது கையில் பாட்டிலை ஏந்தியபடி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை போட்டார், சாட்சிகள் போட்டார்கள். இடம் என்ற கட்டத்தில் பதிவாளர் 'படுக்கையருகே' என்று எழுதி, மூடிமேல் வைத்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். உள்ளே சாவிகள் கிணுகிணுத்தன. அலுவலகச் சுவர்க்கடிகாரம் ஒரு மணி அடித்தது.

மூன்று மணிக்குள் அத்தான் கப்பலில் இருக்க வேண்டும். முத்திரையின் மை காய்வதற்குள் அவர் என் அத்தானாகிவிட்டிருந்தார். அவரைப் பின்னால் ஏற்றினோம். அக்கா இரண்டாவது பாட்டிலை மாற்றினாள். பிறகு யாரும் எதிர்பார்க்கவில்லை, பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள். எல்லாரும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். டூட்டி மாற்றும்போது பேசும் குரலில்தான் பேசினாள்.

"ஐநூறு மில்லி. இப்பதான் ஆரம்பிச்சேன். தோளுக்கு மேலேயே புடிங்க. டியூப்ல காத்துக்குமிழ் வந்தா சுண்டி விடுங்க, பயப்படாதீங்க. கை வலிச்சா மாத்திக்குங்க, ஆனா இறக்கிடாதீங்க." டியூபை ஒரு தடவை விரலால் சுண்டினாள். "பதினோரு மாசத்துல வந்து ஒப்படைக்கணும்."

"சரி சிஸ்டர்" என்றார் அத்தான். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் வாடையாகவும் இருக்கலாம்.

துறைமுகம் வரை அவர் கையை இறக்கவில்லை. கப்பலின் ஏணியருகே வண்டியை நிறுத்தியதும் இறங்கி, என்னைக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே ஏணியில் ஏறத் தொடங்கினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். நான் கூப்பிட்டேன், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நாலாவது படியில் டியூப் விறைத்து, பிளாஸ்திரி பிய்ந்து வந்தது. வண்டி இரண்டு தடவை இருமி அடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கப்பல் நகரும்போதும் மேல்தளத்தில் கையைத் தூக்கியபடியே நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் கையசைப்பதாக நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

இருபது கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் டேங்குக்குள் சாவிகள் பேசிக்கொண்டே வந்தன. வீட்டு வாசலில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்ததை அம்மா போனில் சொல்லியிருந்தாளாம். என்னைப் பார்த்தார், பிறகு மூடியைப் பார்த்தார்.

"சாவி பத்திரமா இருக்கில்ல?" என்றார்.

"இருக்குப்பா" என்றேன்.

அவர் நிம்மதியாக உள்ளே போனார்.